நின்றது எங்கே?

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இன்று எந்த அலுவலகப் படியேறினாலும் காதில் விழும் பதில் ஒன்று உண்டு: ‘நெட் ஸ்லோங்க, நாளைக்கு வாங்க.’ வங்கியிலும் இதே பதில், கம்ப்யூட்டர் சென்டரிலும் இதே பதில், கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் இதே பதில். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். இதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. காய்ச்சல் என்று வந்தவரிடம் ‘உனக்கு உடம்பு சுடுகிறது’ என்று சொல்லி அனுப்பும் மருத்துவரை நாம் ஏற்போமா?

‘ஸ்லோ’ என்றவுடன் நாம் செய்வது என்ன? மாதக் கட்டணத்தைக் கூட்டி இன்னும் பெரிய ‘பிளான்’ வாங்குகிறோம். சில நேரம் அது பயன் தருகிறது. பல நேரம் பணம்தான் போகிறது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கணக்கைக் கண்டு அஞ்சுவோர் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

கணினிகள் இணையத்தில் செய்தி அனுப்பும் முறை நம் பதிவுத் தபாலைப் போன்றது. செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்புகை திரும்பி வருகிறது. ஒப்புகை வருமுன் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று ஒரு வரம்பு உண்டு. பழைய முறையில் அந்த வரம்பு 65,535 பைட். அமெரிக்காவில் உள்ள ஒரு கணினிக்குச் செய்தி போய் ஒப்புகை திரும்பக் கால் விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு விநாடிக்கு நான்கு முறைதான் அனுப்ப முடியும்; பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 21 இலட்சம் பிட். நாம் விநாடிக்குப் பத்துக் கோடி பிட் செல்லும் இணைப்பை வாங்கியிருந்தாலும் அந்த ஒரு தொடர்பில் கிடைப்பது அவ்வளவே. நாமக்கல்லில் நான்கே லாரி வைத்திருப்பவர் கல்கத்தாவுக்குச் சரக்கு அனுப்புகிறார். சாலையை நான்கு வழியிலிருந்து எட்டு வழியாக்கினால் அவருடைய சரக்கு இரட்டிப்பாகுமா? லாரி திரும்பி வந்தால்தானே அடுத்த லோடு! 1992ஆம் ஆண்டிலேயே இந்த வரம்பை உயர்த்த வழி வகுத்துவிட்டார்கள். இன்றைய கணினிகள் அதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் மென்பொருள் எழுதுபவர் தம் விருப்பத்துக்கு ஒரு சிறிய அளவைக் குறித்துவிட்டால் பழைய கதைதான்.

வேகம் குறைவதற்கு நேர்மாறான காரணமும் உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதன் அருகில் இருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த தொடர்பு 40 பிட்டுக்கு வீழ்ந்தது. எண்ணூறில் ஒரு பங்கு! கம்பி அறுபடவில்லை. ஒப்புகை வரத் தாமதமானதும் ஒவ்வொரு கணினியும் ‘தொலைந்துவிட்டது போலும்’ என்றெண்ணி அனுப்பியதையே மீண்டும் அனுப்பிற்று. அந்த மறுபதிப்புகளாலேயே வழி அடைபட்டது. இப்படி ஒரு நெரிசல் வரக்கூடும் என்று ஜான் நேகல் 1984இலேயே எழுதியிருந்தார். வான் ஜேக்கப்சன் என்பவர் நோயின் மூலத்தைத் தேடிப் பிடித்து 1988இல் மருந்தை வெளியிட்டார். சிறிதாகத் தொடங்கு, ஒப்புகை வர வரக் கூட்டு, பொட்டலம் தொலைந்தால் உடனே குறை என்பதே அதன் சாரம். அவர் புதுக் கம்பி எதுவும் இழுக்கவில்லை. இன்று உலகமே அந்த வழியில் வந்த மென்பொருளில்தான் ஓடுகிறது.

நம் ஊருக்கு வருவோம். சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சென்றாள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நொடியில் ஏறின; வருமானச் சான்றிதழின் படத்தை அனுப்பும்போது மட்டும் அப்படியே நின்றது. நான்கு நாள் போனாள். ‘வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது கண்ணு, இனி வர வேண்டாங்கறாங்க’ என்று அவள் தாயார் வந்து சொன்னார். மறுநாள் கடைசித் தேதி. கடைக்காரரோ அதற்குள் பெரிய பிளானுக்கு மாறியிருந்தார், பயனில்லை.

சிறியது போகிறது, பெரியது நிற்கிறது என்றால் அது வேகக் குறைவன்று. ரயில் பாலத்தடியில் மோட்டார் சைக்கிள் நுழைந்துவிடும், உயரமாக வைக்கோல் ஏற்றிய லாரி நின்றுவிடும் அல்லவா, அந்தக் கதை இது. பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். அகலக்கற்றை இணைப்புகள் பலவற்றில் தலைப்புச் செய்திக்கென 8 பைட் போய்விடுவதால் வழி 1492 பைட்டாகச் சுருங்குகிறது. ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்று வழியில் உள்ள பெட்டி திருப்பிச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று எண்ணி அந்த அறிவிப்பையே யாரேனும் தடுத்து வைத்துவிட்டால், அனுப்புகிற கணினி அதே பெரிய பொட்டலத்தை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டு ஒப்புகைக்குக் காத்துக் கிடக்கும். எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் அங்கே போய், துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு ‘பிங்’ அனுப்பிப் பார்த்தார். 1464 பைட்டுக்குப் பதில் வந்தது, 1472க்கு வரவில்லை. இரண்டுடனும் தலைப்பு 28 பைட் சேர்த்துப் பாருங்கள், 1492, 1500 என்று வரும். கணினியின் பொட்டல அளவை 1492 ஆகக் குறைத்தார். சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. செலவு ஒரு தேநீர், அதுவும் கடைக்காரர் வாங்கிக் கொடுத்தது.

‘பிங்’ 1983இல் எழுதப்பட்டது. எந்தக் கணினியிலும் இலவசமாகக் கிடப்பது. நம் ஆய்வுக்கூடத்தில் அதை ‘இணைப்பு இருக்கிறதா, இல்லையா’ என்று பார்க்க மட்டுமே கற்பிக்கிறோம். தேர்வில் ஏழு அடுக்குகளின் பெயரை வரிசை பிறழாமல் எழுதும் மாணவர், எந்த அடுக்கில் தொடர்பு நின்றது என்று கேட்டால் விழிக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நின்றுபோன இணைப்பு ஒன்றை யாரும் அவர் முன் வைத்ததே இல்லை.

மென்பொருள் எழுதுவோர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. மாநகரத்தில் குளிரூட்டிய அறையில், பக்கத்து அறைக் கணினியோடு பேச வைத்துச் சோதித்துவிட்டு ‘நன்றாக ஓடுகிறது’ என்கிறார்கள். சேந்தமங்கலத்திலும் எடப்பாடியிலும் அதைப் பயன்படுத்துவோர் பாடு அவர்களுக்குத் தெரிவதில்லை. பத்தில் ஒன்பது பங்கு ஏறிய பிறகு தொடர்பு அறுந்தால் முதலிலிருந்து ஏற்றச் சொல்கிறது அவர்கள் எழுதிய நிரல். விட்ட இடத்திலிருந்து தொடர வைப்பது இன்று அரிய வித்தையா என்ன? வட்டம் சுற்றுவதற்குப் பதில், ‘அரை நிமிடமாக ஒப்புகை வரவில்லை’ என்று ஒரு வரி காட்டினால்கூட, தேய்ந்த நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பவர் வேறு இணைப்பைத் தேடிப் போவார்.

ஆகவே வரும் ஆண்டில் நம் துறையில் ஒன்று செய்யலாம். லினக்ஸில் ‘நெட்எம்’ என்றொரு வசதி உள்ளது. நல்ல இணைப்பை வேண்டுமென்றே தாமதப்படுத்தவும், நூறில் இரண்டு பொட்டலத்தைத் தொலைக்கவும் அதனால் முடியும். ஆய்வுக்கூடத்தின் ஓரத்தில் கிடக்கும் பழைய கணினி இரண்டு போதும். ஆசிரியர் இணைப்பைக் கெடுத்து வைக்கட்டும். மாணவர் ‘வயர்ஷார்க்’ கொண்டு பொட்டலங்களைப் பார்த்து, ஒப்புகை எங்கே நின்றது, எத்தனை முறை மறுபடி அனுப்பப்பட்டது, வரம்பு எப்போது சுழியானது என்று எழுதிக் கொடுக்கட்டும். பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை பிற்பகல் ஆய்வுக்கூடம் காலியாகத்தான் இருக்கிறது.