லாரியில் வந்த வேட்டை

வேட்டை என்றதும் நம் மனக்கண் முன்னால் ஒரு காடு வந்து நிற்கிறது. மிருகம் எங்கோ மறைந்திருக்கிறது. மனிதன் அதைத் தேடி அலைகிறான். அது தப்பிப் போகலாம். இவன் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். இந்த 'லாம்' இருக்கிறதே, அதுதான் வேட்டையின் உயிர். அது போய்விட்டால் மிஞ்சுவது கசாப்பு. கசாப்புக்காரரை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். அவர் தம் தொழிலை வீரம் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த அளவில் அவர் யோக்கியர்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் நடைபெறும் ஒருவகைப் பறவை வேட்டையில் இந்த 'லாம்' மிகவும் மெலிந்து போயிருக்கிறது. அங்கே சுடப்படும் பறவை காட்டில் பிறந்ததல்ல. பண்ணையில் பொரித்து, வலை போட்ட பெரிய அடைப்புகளில் தீனி தின்று வளர்ந்து, வேட்டைக் காலம் வந்ததும் பெட்டிகளில் அடைபட்டு லாரியில் வந்து இறங்குகிறது. இறங்கிய இடத்துக்குத் துப்பாக்கியும் நாயுமாக மனிதர்கள் வந்து சேருகிறார்கள். அந்த மனிதர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட வழக்கு.

"எங்கோ அமெரிக்காவில் யாரோ கோழி சுட்டால் நமக்கென்ன? இங்கேதான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தாயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வழக்கு பறவையைப் பற்றியது மட்டுமல்ல. பணம் கட்டியவனுக்கு மரியாதை தேவையில்லை என்கிற ஒரு நம்பிக்கையைப் பற்றியது. அந்த நம்பிக்கை எந்த நாட்டு எல்லையிலும் பாஸ்போர்ட் காட்டுவதில்லை.

முதலில் பறவையை அறிமுகம் செய்துவைக்கிறேன். அதன் பெயர் ஃபெஸன்ட். அன்னி பெஸன்ட் அம்மையாருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நம் ஊர்ச் செம்போத்தை வெள்ளைக்காரர்கள் 'காக்கை ஃபெஸன்ட்' என்று அழைத்தார்கள். ஆனால் செம்போத்து குயில் இனம், அதுவும் இதற்கு உறவல்ல. மயிலும் காட்டுக்கோழியும் நம் வீட்டு முற்றத்துக் கோழியுமே இதற்குத் தாயாதிகள். சேவலுக்குத் தாமிர நிற உடம்பு, பச்சை மின்னும் தலை, சிவந்த முகம், கழுத்தில் வெள்ளை வளையம், நீண்ட வால். சொந்த ஊர் ஆசியா. 1881-இல் ஷாங்காயில் அமெரிக்கத் தூதராக இருந்த ஓவன் டென்னி என்பவர் சீனத்துப் பறவைகளைக் கப்பலேற்றி ஆரிகன் மாநிலத்துக்கு அனுப்பினார். அவை அங்கே வேரூன்றிப் பெருகின. 1892-இல் அதே ஆரிகனில் ஃபெஸன்ட் வேட்டைக்கு அனுமதி தரும் அளவுக்குப் பெருகின. தெற்கு டகோட்டா மாநிலம் இந்த வந்தேறிப் பறவையையே 1943-இல் தன் மாநிலப் பறவையாக ஏற்றுக்கொண்டது. அங்கே இன்றும் அது வயல்வெளியில் தானாகப் பிறந்து, தானாகப் பறந்து, வேட்டைக்காரனை மூச்சு வாங்க வைக்கிறது.

கிழக்கு மாநிலங்களின் கதை வேறு. சிறுசிறு பண்ணைகள் மறைந்தன, வேலியோரத்துப் புதர்கள் வெட்டுண்டன, புல்வயல்கள் குறைந்தன, முட்டையிட மறைவில்லாத பறவை அருகிப் போயிற்று. பறவை போனாலும் வேட்டைக்காரர்கள் போகவில்லை. ஆகவே அரசாங்கமே கோழி வளர்க்கப் புறப்பட்டது. பென்ஸில்வேனியாவின் வேட்டை ஆணையம் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட ஃபெஸன்ட்களைப் பொது நிலங்களில் விட்டிருக்கிறது. நியூயார்க் மாநிலம் இத்தாகா ஊரில் உள்ள தன் பண்ணையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 30,000 வளர்ந்த பறவைகளை அனுப்பிவந்திருக்கிறது. செலவு தாங்காமல் பென்ஸில்வேனியா 2017 முதல் வேட்டை லைசென்ஸுக்கு மேல் ஃபெஸன்டுக்கென்று தனி பெர்மிட்டும் வாங்கச் சொன்னது. கட்டணம் சுமார் 27 டாலர்.

அந்த 27 டாலரில்தான் வினை தொடங்குகிறது.

நல்ல வேட்டைக்காரர்களே புலம்பும் காட்சிகளைச் சொல்கிறேன். விடியுமுன் வண்டிகள் வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. லாரி போன தடத்தைப் பிடித்துக்கொண்டே ஒருவர் பின்தொடர்கிறார். நேரம் ஆகுமுன் ஒரு வெடிச் சத்தம். ஒருவர் சுட்டால் பத்துப் பேருக்குப் பொறுப்பதில்லை. இன்னொருவருடைய நாய் புதரருகே அசையாமல் நின்று இரையைக் குறிகாட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலிருந்து ஓடிவந்து பறவையைச் சுட்டு எடுத்துக்கொண்டு போகிறார் ஒரு கனவான். நேற்றுவரை தீனிக்காரனின் காலடியில் மேய்ந்த பறவை, மனிதனைக் கண்டதும் பறக்க வேண்டும் என்பதையே இன்னும் கற்றுக்கொள்ளாமல், பாதை ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. அதையும் நின்ற இடத்திலேயே சுட்டு வீழ்த்துகிறார்கள். நாளொன்றுக்கு இரண்டு என்பது பென்ஸில்வேனியாவின் அளவு. இரண்டை வண்டியில் போட்டுவிட்டு மறுபடியும் களத்துக்குத் திரும்புகிறவர் உண்டு. கடைசியில் காலித் தோட்டாக்கள் புல்லில் சிதறிக் கிடக்கின்றன.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "நான் பணம் கட்டியிருக்கிறேன். இது என் பணத்தில் வளர்ந்த கோழி. எப்படியும் குளிர்காலத்தைத் தாண்டப் போவதில்லை. நரியோ பருந்தோ தின்னப் போகிறது. நான் எடுத்தால் என்ன?"

இந்தப் பதிலை ஒவ்வொரு துண்டாகப் பார்க்க வேண்டும். பறவை குளிர்காலத்தைத் தாண்டாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நரி பசிக்காகக் கொல்கிறது; விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு கொல்லவில்லை. நரியின் நியாயத்தைக் கடன் வாங்குகிறவர் நரியின் பட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். 'ஸ்போர்ட்ஸ்மன்' என்ற பட்டத்தைக் கீழே வைத்துவிடட்டும். பணம் கட்டியது உண்மை. ஆனால் அந்தச் சீட்டு எதை விற்றது? களத்துக்குள் நுழையும் அனுமதியை விற்றது. பறவையை விற்கவில்லை, பக்கத்தில் நிற்பவருடைய முறையை விற்கவில்லை, அவருடைய நாயின் உழைப்பை நிச்சயமாக விற்கவில்லை. பறவைதான் வேண்டும் என்றால், பண்ணைக்குப் போய் எடை போட்டு வாங்கிக்கொள்ளலாமே! அதில் ஒரு கேவலமும் இல்லை. தோட்டாவும் மிச்சம்.

வேட்டைக்களத்து மரியாதைகளைப் பழைய பிரபுக்களின் பகட்டு என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். பகட்டா, பார்ப்போம். தரையில் நிற்கும் பறவையைச் சுடாதே, தாழப் பறப்பதையும் சுடாதே என்பது ஒரு மரியாதை. ஏன்? அந்த உயரத்தில்தான் நாயின் தலை இருக்கிறது. புதருக்கு அப்பால் ஒரு மனிதனின் கால் இருக்கலாம். பின்புலத்தில் வானம் தெரியும்போது சுடு என்பது கவிதையல்ல, உயிர்காப்பு. தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்ந்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி தெரிய வேண்டும் என்று பென்ஸில்வேனியா விதித்ததும் இதற்காகவே. காயம்பட்டு விழுந்த பறவையைத் தேடிக் கண்டெடுத்த பிறகே அடுத்ததைப் பார் என்பது இன்னொன்று. இல்லையென்றால் அது புதருக்குள் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். எந்த நாய் குறிகாட்டியதோ அந்த நாய்க்குரியவருக்கே முதல் வெடி என்பது மற்றொன்று. முன்னால் வந்தவரிடம் "நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள்?" என்று கேட்டு, மறுபக்கம் போவது வேறொன்று. இவற்றில் எதற்கும் பிரபுவாக இருக்கத் தேவையில்லை. எதிரே இருப்பவனும் வீடு திரும்ப வேண்டியவன் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

இனி, இந்தப் பறவைக்குத் தனியாக ஒரு வாதம் உண்டு. காட்டுப் பறவைக்குக் கூர்மையான காது உண்டு, பழக்கப்பட்ட புதர் உண்டு, தாய் கற்றுக்கொடுத்த அச்சம் உண்டு. அந்தப் போட்டியில் விதிகளில் பாதியைப் பறவையே அமல்படுத்திவிடுகிறது. பொறுமையற்றவனுக்கு அது அகப்படாது. கூண்டுப் பறவையிடம் இந்த ஆயுதம் ஒன்றும் இல்லை. ஆகவே அதற்கில்லாத வாய்ப்பை வேட்டைக்காரன் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. காட்டுப் பறவையிடம் நல்லவனாக இருக்கத் திறமை வேண்டும். கூண்டுப் பறவையிடம் நல்லவனாக இருக்க மனம் வேண்டும். 'வளர்த்த கோழிதானே, மரியாதை எதற்கு?' என்கிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். வளர்த்த கோழி என்பதால்தான் மரியாதை இரட்டிப்பாக வேண்டும்.

இதை அமெரிக்கர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுடைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய வேட்டைக்காரர். 1902-இல் மிஸிஸிப்பியில் அவருக்கு ஒரு கரடியும் அகப்படாமல் போகவே, உடன் வந்தவர்கள் ஒன்றைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, சுடும்படி அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். அடிபட்டிருந்த கரடியின் வேதனையை முடித்துவிடும்படி மட்டும் சொன்னார். நம் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் 'டெடி' கரடி பொம்மைக்குப் பெயர் வந்தது இந்தச் சம்பவத்திலிருந்துதான். கரடி அன்று பிழைக்கவில்லை. ஆனால் கட்டிவைத்த மிருகத்தைச் சுடுவது வேட்டையல்ல என்ற சொல் பிழைத்தது. பறக்கத் தெரியாமல் பாதையில் நிற்கும் ஃபெஸன்டைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு கட்டியிருக்கிறது. அந்தக் கயிற்றைப் பார்க்கத் தெரிந்தவனே ரூஸ்வெல்டின் வாரிசு.

அவர்கள் நாட்டு ஆல்டோ லியோபோல்டு, 1949-இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த நூலில், வேட்டைக்காரனைக் கைதட்டவோ கண்டிக்கவோ பார்வையாளர் கூட்டம் கிடையாது, ஆகவே அவனுக்கு அவன் மனச்சாட்சியே நடுவர் என்ற கருத்தைச் சொன்னார். பறவை விடும் களத்திலோ சுற்றிலும் கூட்டம் இருக்கிறது. முப்பது சாட்சிகள் நடுவிலும் ஒருவன் அடுத்தவனுடைய பறவையைத் தட்டிக்கொண்டு போகிறான் என்றால், தனிக்காட்டில் அவன் என்ன செய்வான் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். கண்டும் காணாமல் இருக்கும் முப்பது பேரும் குற்றத்தில் பங்காளிகளே.

அளவு தெரியாமை ஏழைபாழைகளின் பொதுக்களத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. 1913 டிசம்பரில் இங்கிலாந்தில் ஹால் பார்ன் என்ற தோட்டத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கூட்டத்தார் ஒரே நாளில் 3,937 ஃபெஸன்ட்களைச் சுட்டுக் குவித்தார்கள். திரும்பும் வழியில் மன்னரே, இன்று கொஞ்சம் மிதமிஞ்சிவிட்டோமோ என்ற பொருள்படப் பேசியதாக அவருடைய மகன் பிற்காலத்தில் எழுதிவைத்தார். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2003 டிசம்பரில், பென்ஸில்வேனியாவில் பணக்காரர்களின் சங்கம் ஒன்றில் வளர்ப்புப் பறவைகள் சுமார் 500-ஐ அவிழ்த்துவிட்டுச் சுட்டபோது, அன்றைய உதவி ஜனாதிபதி டிக் செனி மட்டும் 70-க்கு மேல் வீழ்த்தினார் என்று பத்திரிகைகள் எழுதின. பொதுக்களத்தில் மூன்றாவது பறவையைத் திருடுகிறவனைச் சட்டம் பிடிக்கும். எழுபதாவதைச் சுடுகிறவரைப் பிடிக்கச் சட்டம் இல்லை. வெட்கம்தான் பிடிக்க வேண்டும்.

"கொலையில் என்ன மரியாதை? எல்லாமே பாவம்" என்று ஒரு குரல் கேட்கிறது. அது மாமிசம் தொடாதவரின் குரலானால், தலைவணங்கி ஒதுங்குகிறேன். அவருடைய வழக்கு வேறு, என் வழக்கைவிடப் பெரியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடையில் கோழியை உரித்து வாங்கிவந்து, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அதே வசனத்தைப் பேசுகிறவருக்கு இந்தச் சபையில் ஆசனம் கிடையாது. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்கிறவர்களால் உலகத்தில் ஒரு கொடுமையும் குறைந்ததில்லை. வேதனை குறைவான சாவுக்கும் வேதனை மிகுந்த சாவுக்கும் வித்தியாசம் உண்டு என்பதைச் சாகிற பிராணி அறியும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பறவைகளை விட்ட மறுகணமே சுட அனுமதிக்கக் கூடாது. அவை ஓரிரவாவது புதரைப் பழகட்டும். லாரி வரும் நாளும் நேரமும் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. கூட்டத்தைப் பங்கிட வேண்டும்: மேற்கு வாஷிங்டனில் நெரிசலான சில களங்களில் வார இறுதிக் காலை வேளைக்கு ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைத் தேதி என்று ஆட்களைப் பிரித்துவிட்டதுண்டு. ரேஷன் கடை மாதிரி இருக்கிறதே என்று சிரிக்கலாம். ஆனால் ரேஷன் கடையில் யாரும் யாரையும் சுட்டுக்கொள்வதில்லை. தரையில் நிற்பதைச் சுட்டவருக்கும், மூன்றாவதை எடுத்தவருக்கும் அந்த ஆண்டு பெர்மிட்டைப் பறித்துக்கொள்ள வேண்டும். பென்ஸில்வேனியாவில் அக்டோபர் மாதத்தில் இளையவர்களுக்கென்று முதலில் சில நாட்கள் ஒதுக்குகிறார்களே, அந்த நாட்களில் பெரியவர்கள் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, பையனுக்குச் சுடாமல் இருப்பது எப்படி என்று முதலில் கற்றுக்கொடுக்கட்டும். பறவை தாழப் பறந்தபோது துப்பாக்கியைத் தாழ்த்திய தகப்பனை அந்தப் பையன் மறக்க மாட்டான். பக்கத்து மனிதனிடம் பறவைக்காகச் சண்டை போட்ட தகப்பனையும் மறக்க மாட்டான்.

இவ்வளவும் முடியாது என்றால், பண்ணைகளை இழுத்து மூடிவிட்டு அந்தப் பணத்தை வேலியோரப் புதருக்கும் புல்வெளிக்கும் செலவிடட்டும். பறவை திரும்பி வர ஆண்டுகள் பல ஆகும். சில இடங்களில் வராமலே போகலாம். அதுவரை வேட்டைக்காரர்கள் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கத் தெரியாதவனுக்கு வேட்டைக்காரன் என்ற பெயர் எதற்கு?