வலி நின்றால் நோய் தீர்ந்ததா?

பல்வலியோடு எங்களிடம் வந்து ரூட் கெனால் சிகிச்சையைத் தொடங்குவோரில் பலர், முதல் நாள் சிகிச்சைக்குப் பின் நிம்மதியாக உறங்குகிறார்கள். அடுத்த வாரம் வரும்படி எழுதிக்கொடுத்த சீட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. பல மாதங்கள் கழித்து, கன்னம் வீங்கிய நிலையில் அவர்களே மீண்டும் வருகிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அதற்குள் பிளந்துபோயிருக்கிறது. “வலிதான் இல்லையே டாக்டர், அதனால்தான் வரவில்லை” என்பதே நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில்.

இதில் தவறு நோயாளியிடம் மட்டும் இல்லை. வலி நிற்பது வேறு, நோய் தீர்வது வேறு என்பதை முதல் நாளிலேயே புரியும்படி எடுத்துரைக்காத மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. ஆகவே அதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

பல்லின் வெளிப்புறம் எனாமல், அதற்கடியில் டென்டைன், அதற்கும் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ். சொத்தை ஆழமாகிப் பற்கூழை எட்டும்போது அது அழற்சியுற்று வீங்குகிறது. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீங்குவதற்கு இடமில்லை. அந்த அழுத்தமே, இரவில் படுத்தவுடன் விண்விண்ணென்று தெறிக்கும் வலியாகிறது. சில நாட்களில் அந்த வலி தானே அடங்கிவிடுவதும் உண்டு. வீட்டிலுள்ளோர் குணமாகிவிட்டது என்று மகிழ்கிறார்கள். உண்மையில் பற்கூழ் இறந்துவிட்டது. வலியை உணர்த்த அங்கே நரம்பு இல்லை. கிருமிகளோ வேரின் நுனி வழியே தாடை எலும்பை நோக்கி நகர்கின்றன.

கிராம்பு எண்ணெயும் வலி மாத்திரையும் சிறிது நேர ஆறுதல் தரலாம், நோயைத் தீர்ப்பதில்லை. மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி உண்பதும் பயன் தராது. மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் செல்ல இயலும். இறந்த பற்கூழுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. வீக்கம் பரவிக் காய்ச்சலும் கண்டால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். அப்போதும் அது துணை மருந்தே. பல்லுக்குச் செய்யவேண்டிய சிகிச்சையைச் செய்தே ஆகவேண்டும்.

அச்சிகிச்சைகளில் ஒன்றுதான் ரூட் கெனால். முதலில் ஊசி போட்டு அவ்விடத்தை மரத்துப்போகச் செய்கிறோம். பின்னர் பல்லைத் திறந்து, கெட்டுப்போன பற்கூழை நீக்கி, மெல்லிய ஃபைல் கருவிகளாலும் கிருமிநாசினிக் கரைசலாலும் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்கிறோம். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு குழாய்தான் இருக்கும். கடைவாய்ப் பல்லில் 3 அல்லது 4 கூட இருக்கும். சுத்தமான குழாய்களை மரப்பால் போன்ற கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் அடைக்கிறோம். சில பற்களுக்கு ஒரே அமர்வில் இது முடிந்துவிடும். சிலவற்றுக்கு 2, 3 அமர்வுகள் தேவை. இடையில் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கானது மட்டுமே. அது தேய்ந்தோ விழுந்தோ போனால் எச்சிலோடு கிருமிகள் மீண்டும் உள்ளே புகும்; செய்த வேலை அனைத்தும் வீணாகும்.

வேரை அடைத்ததும் சிகிச்சை முடிந்ததாகாது. சொத்தையாலும் சிகிச்சையாலும் உட்புறம் குறைந்துபோன கடைவாய்ப் பல், முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது எளிதில் பிளக்கும். பிளவு வேர்வரை இறங்கினால் பெரும்பாலும் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை. எனவே கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் உறை, அதாவது கேப், அவசியமாகிறது. அது அழகுக்காகப் போடுவதன்று.

செலவு பலரைத் தயங்கச் செய்கிறது என்பதை அறிவோம். உறைக்குத் தனிக் கட்டணம் என்பதைக் கடைசி நாளில் சொல்வது நியாயமன்று என்பதே எங்கள் கருத்து. ஆகவே நாற்காலியில் அமரும் முன்பே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? எத்தனை முறை வரவேண்டும்? உறையோடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? வேறு வழி உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் பெறுவது உங்கள் உரிமை. தனியார் கட்டணம் இயலாதெனில், அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். எவ்வகையிலும் முடிக்க இயலாத நிலையில், பாதியில் கைவிடுவதைக் காட்டிலும் அந்தப் பல்லை எடுத்துவிடுவதே மேல். அதை வெளிப்படையாகச் சொல்ல நாங்கள் தயங்கக் கூடாது. கேட்க நீங்களும் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் முதியோரைப் பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோய், இதய வால்வு அறுவைச் சிகிச்சை, கர்ப்பம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவேண்டாம். வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலும், மறுநாள்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

சிகிச்சை தொடங்கிய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரிக்காதீர்கள். அடுத்த முறை எந்தத் தேதியில் வரச் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். அந்தத் தேதியில் உடன் வாருங்கள்.