புதியவர்க்கு இடமில்லையா?

கணினி நிரல் எழுதுவது கற்றுத் தேர்ந்த வல்லுநர்க்கே உரியது. வல்வெட்டித்துறைப் பாடசாலைப் பிள்ளைக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். இவர்களிற் பலர் படித்தவர்கள் என்பதுதான் வேதனைக்குரியது. பரீட்சைப் பெறுபேற்றை அறிவென்றும், வேறொருவர் செய்த கருவியை இயக்கப் பழகுவதைத் தொழில்நுட்பமென்றும் இவர்கள் மயங்குகிறார்கள். இந்த மயக்கத்தைத் தகர்ப்பது ஆசிரியர்களாகிய நமது கடமை.

திறந்த மூலநிரல் என்பது யாது? ஒரு மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடுவதே அது. 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ், அப்பொழுது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர்; வயது 21. இன்று நமது கைகளிலுள்ள அண்ட்ரொயிட் தொலைபேசிகள் அந்தக் கருவின்மேல்தான் இயங்குகின்றன. நமது உயர்தர மாணவர் கற்கும் பைதன் மொழியும் திறந்த மூலநிரலுடையதே. அதைக் கற்பதோடு, திருத்தவும் தமக்கு உரிமையுண்டு என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

இது தூரதேசத்துக் கதையன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரை உட்பட இத்தீவின் கரைகளைச் சூறையாடியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் பதிந்து ஒழுங்குபடுத்த ஒரு கருவி தேவைப்பட்டது. இலங்கைத் தொண்டர்கள் கூடி ‘சகானா’ என்னும் மென்பொருளை எழுதினர். மூலநிரலைத் திறந்து வைத்தமையால் அடுத்த ஆண்டில் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்துக்கும் அது உதவிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகநல விருதும் அதற்கே கிடைத்தது. கண்ணீரில் பிறந்த அந்த நிரலை எவரேனும் பூட்டி வைத்து விலை பேசியிருந்தால் ஹெயிற்றியின் ஏழைக்கு அது எட்டியிருக்குமா?

சரி, புதியவர் எங்கே தொடங்குவது? நிரலின் முதல் வரியிலன்று; தாம் நாளும் பயன்படுத்தும் மென்பொருளின் குறையில். எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது, எதை எதிர்பார்த்து, எது நிகழ்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புவதே பெரும் பங்களிப்பு. அதே குறையை முன்னரே ஒருவர் அறிவித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாற் போதும். பயர்பொக்ஸ், லிப்ரெ ஒபிஸ் போன்றவற்றின் தமிழ்ச் சொற்களைச் செப்பனிடத் தமிழ் கற்றவர் வேண்டும். அதற்கு நிரலறிவு தேவையில்லை. நிரல் அறிந்தோர்க்காகவும், முதல் வேலைக்கு ஏற்றவை இவையெனப் பல திட்டங்கள் அடையாளமிட்டே வைத்திருக்கின்றன. மூலநிரலைப் படியெடுத்து, ஒரு சிறு திருத்தம் மாத்திரம் செய்து, சோதித்து, காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். மூத்தவர்கள் குறை கூறித் திருப்புவார்கள். அது அவமானமன்று, அதுவே பாடம். கூகிளின் கோடைகால நிரலாக்கத் திட்டம் 2005இல் தொடங்கியது; அதன் முதற் பத்தாண்டுகளில் உலகின் மற்றெந்தப் பல்கலைக்கழகத்தையும்விட நமது மொறட்டுவையிலிருந்தே அதிக மாணவர் பங்கேற்றனர். 2022 முதல் மாணவரல்லாத புதியவர்க்கும் அதன் கதவு திறந்துள்ளது.

இங்கே நமது தோழர்கள் சிலர் நியாயமான கேள்வியொன்றை எழுப்புவார்கள்: நமது பிள்ளைகள் கூலியின்றி உழைக்க, பெருநிறுவனங்கள் கொழுப்பதா? நிறுவனங்கள் இதனால் இலாபமடைவது உண்மையே. அதனாற்றான் உரிமத்தைப் படித்துவிட்டுப் பங்களிக்க வேண்டும் என்கிறோம். சில உரிமங்கள், பொது உழைப்பை எடுத்து மூடிய சரக்காக்கவும் இடந்தருகின்றன. ஆனால் 1989இல் றிச்சட் ஸ்ரோல்மன் வகுத்த குனூ பொது உரிமமோ, திருத்தி வழங்குபவர் திருத்தத்தையும் திறந்தே வழங்க வேண்டுமெனக் கட்டளையிடுகிறது. தனியுடைமைச் சட்டத்தையே பொதுமையின் காவலாக்கிய ஆயுதம் அது.

நமது ஊர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். 1938இல் நமது கடலோடிகள் அதை மசசூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர். பொருளை வாங்கியவர் பெயரையும் வாங்கிக்கொள்வது சந்தையின் நியதி. திறந்த மூலநிரலில் முறை வேறு. 2005இல் உருவான ‘கிட்’ போன்ற கருவிகள், செய்த ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவரின் பெயரையும் நாளையும் பதிந்து வைக்கின்றன. ஒரேயொரு எழுத்துப்பிழையைத் திருத்திய பிள்ளையின் பெயரும் அங்கே நிற்கும்.

ஆயினும் கதவு திறந்திருந்தால் மாத்திரம் போதாது. ஆங்கிலத்தில் மட்டுமே வழிகாட்டி எழுதிவிட்டு, முதற் கேள்வி கேட்டவரை ஏளனம் செய்து துரத்தும் மூத்தவர்களும் இத்துறையில் உளர். மூலநிரலைத் திறந்து மனத்தை மூடி வைப்பது புதிய சாதியம்! மறுபுறம், சான்றிதழுக்காக வேண்டாத திருத்தங்களை அள்ளி வீசுவோர், தொண்டரின் நேரத்தைத் திருடுகின்றனர். இரண்டையும் நாம் கண்டிக்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, பாடசாலைதோறும் வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குவோம். உயர்தர மாணவர் ஒரு திட்டத்தைத் தெரிந்து, ஒரு குறையைக் கண்டு, ஒரு திருத்தத்தை அனுப்பட்டும். ஆங்கிலம் தடுத்தால் ஆங்கில ஆசிரியரும், சொல் தடுத்தால் தமிழாசிரியரும் துணை நிற்கட்டும். பிறர் செய்த கருவிக்கு வாடகைக் குடிகளாய் நமது தலைமுறை காலங்கழிக்க வேண்டியதில்லை. கருவியைச் செய்வோரின் வரிசையில் அதற்கும் இடமுண்டு. அந்த இடத்தை எடுத்துக்கொள்ளப் பழக்குவோம்.