ஆங்கில வழியும் ஆங்கிலமும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலை எட்டு மணிப் பேருந்தில் சென்றால் மஞ்சள் நிறப் பள்ளி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எதிர்ப்படும். 'ஆங்கில வழி' என்பதே அவற்றின் பெருமை. ஆங்கில வழியில் படித்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்று நம் பெற்றோர் நம்பிவிட்டனர். அப்படி நம்பச் செய்தவர்களுள் நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் உண்டு, இதை மறைப்பானேன்? 2012-13இல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின.

சென்ற கோடையில் பங்கு மன்றத்தில் மாலைநேர ஆங்கில வகுப்பொன்று தொடங்கினேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி, பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்ற இளைஞன், வளைகுடா செல்லவிருந்த கொத்தனார், மருந்துச் சீட்டைத் தாமே படிக்க விரும்பிய மூதாட்டி எனப் பலரும் வந்தனர். அனைவர் கையிலும் ஒரே பாடநூலைக் கொடுத்தேன். பத்தே நாளில் பாதிப்பேர் நின்றுவிட்டனர். அவர்களுக்கு அறிவில்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

'க' என்னும் ஓரெழுத்தைப் பல ஒலிகளுக்கு நாம் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்திலோ அவற்றுக்கு வெவ்வேறு எழுத்துகள். சிறுமிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்டும் பாடியும் பிடித்துக்கொள்வாள். கொத்தனாருக்கு விளக்கம் வேண்டும். நம் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் வினைச்சொல் ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வந்துவிடும் என்று தமிழிலேயே சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. மூதாட்டிக்கு இலக்கணம் எதற்கு? எழுத்துகளும் இருபது சொற்களும் போதும்.

இவ்வுண்மை அரசு அறியாததன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், குழந்தை தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறியது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துத் தமிழையும் ஆங்கிலத்தையும் கணக்கையும் கற்பித்தது. பதிவேடுகளை நிரப்பியே ஆசிரியர் களைத்துப்போகிறார் என்னும் குறை நியாயமானதே. ஆயினும், அரசுத் திட்டம் என்று இகழும் நாம் என்ன செய்கிறோம்? நானறிந்த பள்ளியொன்றில் தமிழில் பேசிய பிள்ளைக்கு ஐந்து ரூபாய் அபராதம்! அப்பிள்ளை ஆங்கிலம் கற்கவில்லை, மௌனத்தைக் கற்றது.

முப்பதாம் வயதில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரை எண்ணிப் பாருங்கள். பிறருக்குத் தமிழ் கற்பிக்க அவர் இலக்கணம் வரைந்தது, அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த இலத்தீனில். அதிலும் பேச்சுத் தமிழுக்கு ஒரு நூல், செந்தமிழுக்கு வேறொரு நூல். இலத்தீன் பேசியவரிடம் அவர் அபராதம் வசூலித்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

வரும் ஜூனில் கட்டண அட்டையை வாங்கும்போது பெற்றோர் தாளாளரிடம் கேட்கட்டும்: என் பிள்ளை எந்நிலையில் இருக்கிறாள்? அந்நிலையிலிருந்து அவளுக்கு யார் கற்பிக்கப் போகிறார்? எங்கள் பங்குப் பள்ளியின் தாளாளர் நானே. முதலில் என்னிடமே கேளுங்கள்.