இழந்த வீட்டின் தரைப்படம்

வீட்டை விட்டு வருவது வேறு. வீட்டை இழந்து வருவது வேறு. நாம் படிப்பதற்காகத் தில்லிக்கு வந்தவர்கள். விடுமுறை வந்தால் வண்டியேறுகிறோம். ஊரில் வீடு இருக்கிறது, வாசலில் காத்திருக்க ஆளும் இருக்கிறது. நம் ஏக்கம் உண்மையானதே. எனினும், அதற்குப் ‘புலப்பெயர்வு’ என்று பெயர் சூட்டிச் சங்க மேடையில் அகதிகளைப் போல் புலம்புவது முறையன்று என்பது என் துணிபு. உண்மையிலேயே வீட்டை இழந்தோர் நமக்கு அருகிலேயே இருக்கின்றனர். நாம் துணி வாங்கச் செல்லும் லாஜ்பத் நகர், 1947-இல் நாடு பிரிந்தபின், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அகதிகளுக்காக எழுந்த குடியிருப்பு அன்றோ?

அந்தப் பிரிவினை கலையில் எவ்வாறு பதிந்தது? ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜரீனா ஹாஷ்மி 1937-இல் அலிகாரில் பிறந்தவர். தந்தை அங்குள்ள முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். மகள் அங்கேயே கணிதம் பயின்றார். 1959-இல் குடும்பம் கராச்சிக்குப் பெயர்ந்தது. பிறந்த வீடு ஒரு நாட்டில், பெற்றோர் வேறொரு நாட்டில் என்றாயிற்று. பின்னாளில் நியூயார்க்கில் வாழ்ந்த அவர், 1994-இல் ஓர் அச்சோவியம் படைத்தார். அது அலிகார் வீட்டின் தரைப்படம்! அறைகளின் கோடுகளும், உருது எழுத்துகளுமே அதில் உண்டு. மனித உருவம் இல்லை. 2001-இல் அவர் செய்த மரச்செதுக்கு அச்சிலோ ஒரே ஒரு கோடு. இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்கும் எல்லைக்கோடு அது. 2020-இல் அவர் மறைந்தார். அந்தக் கோடு மறையவில்லை.

“இது கட்டட வேலைக்காரர் போடும் படம்; இதில் கலை எங்கே?” என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆனால், முற்றத்திலிருந்து எந்தக் கதவு எந்த அறைக்குத் திறக்கும் என்பது அங்கே வாழ்ந்தவருக்கே தெரியும். துயரத்தைப் பெருக்கிக் காட்டும் கலை நம்மை இரங்கச் செய்யும். இழந்ததைத் துல்லியமாகக் காட்டும் கலையோ நம்மைச் சாட்சியாக்கும். இது நமக்குப் புதிதும் அன்று. பறம்பை இழந்த பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடலை நினைத்துப் பாருங்கள். அழுகிறோம் என்று அவர்கள் ஓரிடத்தும் சொல்லவில்லை. அன்று இருந்தது எது, இன்று இல்லாதது எது என்று கணக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அந்தக் கணக்கு நம்மை உலுக்குகிறது.

நம் மொழி பேசும் மண்ணிலும் அத்தகைய கலைஞர் ஒருவர் உளர். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரில் வீடிழந்தோரைத் தேடிச் சென்று, அவரவர் வீட்டை நினைவிலிருந்து வரையச் செய்தார். அப்படங்களையும் அவர்தம் கதைகளையும் தம் ஓவியங்களையும் சேர்த்து 2011-இல் நூலாக்கினார். ‘நிறைவுபெறாத தோம்பு’ என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். தோம்பு என்பது போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஈழத்தில் நில உரிமையைப் பதிந்து வைத்த ஏடு. ஆட்சியாளர் பதியாத வீடுகளை ஓவியர் பதிந்தார்!

அந்த ஏட்டில் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர். இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1995 அக்டோபரில் படை நெருங்கியபோது யாழ்ப்பாணத்துத் தமிழர் வீடுகளை விட்டுப் பெருந்திரளாக வெளியேறினர். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னே, 1990 அக்டோபரில், விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். வெளியேற்றியவர் மொழியும் தமிழ். வெளியேறியவர் மொழியும் தமிழ். முதலாவதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். இரண்டாவதை எத்தனை பேர் பேசுகிறோம்?

நிலத்தைப் போல் நினைவும் வாரிசுக்கு வந்து சேர்கிறது. நிலம் வரும்போது அதன் மேலுள்ள கடனும் கூடவே வரும். நமக்கு இழைக்கப்பட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு, நம்மவர் இழைத்ததைத் தள்ளிவிடுபவன் நேர்மையான வாரிசு ஆகான். அப்படிப் பாதியாக வந்த நினைவு கலையாவதில்லை, பகையாகவே முடியும்.

ஆகவே, சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. இவ்வாண்டு விழாவில் கண்ணீர் நாடகம் வேண்டா. ஒரு சிறு கண்காட்சி வைப்போம். 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கொள்ளுப்பேரர் நம்மிடையே இருக்கக்கூடும். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பேத்திகள் இருக்கக்கூடும். அதே ஆண்டுப் புயலில் தனுஷ்கோடியை இழந்த குடும்பத்தாரும் இருக்கக்கூடும். அவர்கள் ஊருக்குச் செல்லும்போது ஒரு தாளைப் பெரியவர்கள் முன் வைத்து, இழந்த வீட்டை வரைந்து தரக் கேட்கட்டும். பெரியவர்கள் மறைந்திருந்தால், கேட்டறிந்தவரையில் தாமே வரையட்டும். தெரியாத அறை வெற்றிடமாகவே இருக்கட்டும். வரைந்து முடித்தபின் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பக்கத்து வீட்டில் இருந்தவர் யார்? அவர் என்ன ஆனார்? அந்தப் பெயரையும் அதே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.