வறட்சியும் நோயும் மாற்றும் தைல மரத்தின் தரம்: காகித ஆலைகளுக்கும் விவசாயிகளுக்கும் என்ன பாதிப்பு?

கழக்கூட்டம்: டெக்னோபார்க் வளாகத்தால் அறியப்படும் கழக்கூட்டத்திலிருந்து கிழக்கே பாலோடு வரை சென்றால், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் யூகலிப்டஸ், அக்கேசியா தோட்டங்களைக் காணலாம். காகிதக்கூழுக்காக வளர்க்கப்படும் இம்மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன என்பது கேரளத்தில் நெடுங்காலமாக நிலவும் விவாதம். ஆனால் நீர் கிடைக்காதபோது அம்மரத்துக்கு என்ன நேர்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

காகித ஆலைக்குத் தேவை மரமன்று, அதிலுள்ள செல்லுலோஸ் இழையே. இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினை வேதிப்பொருள்களால் கரைத்து நீக்கினால் எஞ்சுவது கூழ். வேதிமுறையில் ஒரு டன் உலர்ந்த மரத்திலிருந்து ஏறத்தாழ அரை டன் கூழே கிடைக்கும். எனவே அந்த விகிதத்தில் ஒரு சதவீதம் குறைந்தாலும் ஆலைக்கு அது பெரும் இழப்பு.

நீர் குறையும்போது யூகலிப்டஸ் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது. நீர் கடத்தும் குழாய்கள் குறுகுகின்றன. இழைகள் குட்டையாகி, அவற்றின் சுவர் தடிக்கிறது. மரத்தின் அடர்த்தி பெரும்பாலும் கூடுகிறது. யூகலிப்டஸ் இழையின் நீளமே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்; அது மேலும் குறைந்தால் காகிதத்தின் கிழிபடா வலிமை பாதிக்கப்படும். அடர்த்தி மிகுந்த மரச்சில்லுகளுக்குள் வேதிக்கரைசல் எளிதில் ஊடுருவாது. பூச்சியோ தீயோ தாக்கிய மரத்தில் ஊறும் செந்நிறப் பிசின், கூழை வெளுக்கும் செலவையும் கூட்டுகிறது.

கேரளத்தின் சிக்கல் வறட்சியோடு முடிவதில்லை. மழை மிகுந்த பகுதிகளில் நடப்பட்ட யூகலிப்டஸை ‘இளஞ்சிவப்பு நோய்’ எனப்படும் பூஞ்சைத் தாக்குதல் கடந்த நூற்றாண்டிலேயே பெருமளவில் அழித்தது. நோய்க்கு அஞ்சி முதிருமுன் வெட்டப்படும் மரத்தின் இழைகளும் குட்டையானவையே. ஆக, இம்மாநிலத்தில் மழை மிகுந்தாலும் குறைந்தாலும் கூழின் தரத்துக்கு ஆபத்துதான்.

கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் மூடப்பட்டிருந்த இந்துஸ்தான் நியூஸ்பிரிண்ட் ஆலையை மாநில அரசு ஏற்று, ‘கேரளா பேப்பர் புராடக்ட்ஸ்’ என்ற பெயரில் 2022-ஆம் ஆண்டு மீண்டும் இயக்கியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், வனப்பகுதிகளிலிருந்து அயல்நாட்டு மரங்களைப் படிப்படியாக அகற்றி இயற்கைக் காட்டை மீட்கும் கொள்கையை அதே அரசு வகுத்திருந்தது. இந்த முரண் 2024 மே மாதம் வெளிப்பட்டது. வன மேம்பாட்டுக் கழகம் ஓராண்டுக்கு யூகலிப்டஸ் நட அனுமதித்த ஆணை கடும் எதிர்ப்புக்குப் பின் திருத்தப்பட்டது.

தமிழகத்தில் நிலை வேறு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையோடு, விவசாயிகள் வளர்க்கும் மரத்தையும் வாங்குகிறது. இக்கொள்முதலில் விலை டன் கணக்கில் அமைகிறது. அப்போது வெட்டிய மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி நீர். வறட்சியில் வளர்ந்து ஈரம் குறைந்த மரத்தில், டன்னுக்கு உலர் பொருள் கூடுதலாக இருந்தாலும் எடை குறைவதால் விவசாயிக்குப் பணம் குறைகிறது. வெட்டிய பின் லாரிக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டம். அதே மரத்தில் குட்டை இழையும் பிசினும் இருந்தால் அச்சுமை ஆலையைச் சேர்கிறது. தராசு இவ்விரண்டையும் காட்டுவதில்லை.

தீர்வாக முன்வைக்கப்படுவது வறட்சி தாங்கும் குளோன் கன்றுகள். கோவை வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இத்தகைய யூகலிப்டஸ் குளோன்களை உருவாக்கியுள்ளது. எனினும் வறட்சியில் பிழைக்கும் கன்று நல்ல இழையையும் தரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரே குளோனைப் பரவலாக நடுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. இலைக்காம்பில் முடிச்சுகளை உண்டாக்கும் நுண்குளவி 2000-களில் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் பரவியபோது, எளிதில் பாதிக்கப்படும் ரகங்களை நட்டிருந்தவர்களே அதிகம் இழந்தனர்.

கர்நாடக அரசு 2017-ஆம் ஆண்டு யூகலிப்டஸ் நடவுக்குத் தடை விதித்தது. புதுக்கோட்டையில் வனத்தோட்டக் கழகத்தின் தைல மரத் தோட்டங்களை அகற்றக் கோரும் விவசாயிகளின் போராட்டம் தொடர்கிறது. நடவுப் பரப்பு சுருங்கினால், எஞ்சிய மரம் பெரும்பாலும் மானாவாரி நிலங்களிலிருந்தே ஆலைகளுக்கு வந்துசேரும்.