ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் கதவு திறக்கட்டும்

மாண்புமிகு குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்றதும் கார், லாரி, புல்லட், செல்போன்தான் நினைவுக்கு வரும். இணையத்தில் தொழில் தொடங்க ஆசைப்படும் எங்கள் பிள்ளைகளிடம் மட்டும், தரமணிக்குப் போ, இல்லையென்றால் பெங்களூருக்குப் போ என்கிறார்கள். இது மாற வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

இணையத் தொழிலுக்கு முதலில் வேண்டியது, காசு கொடுத்தாவது தீர்த்துக்கொள்ள யாரோ காத்திருக்கும் ஒரு சிக்கல். இந்த வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. பெரிய ஆலைக்கு உதிரிபாகம் தரும் நிறுவனத்துக்குக் கீழே இன்னொரு நிறுவனம்; அதற்கும் கீழே நாலு சிஎன்சி மெஷின் போட்ட பட்டறை. ஆர்டர் குறைந்த வாரம் மெஷின் சும்மா நிற்கும். அதே வாரம் திருமுடிவாக்கத்தில் ஒருவர் ஜாப் ஒர்க் செய்துதர ஆள் கிடைக்காமல் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார். பெங்களூரில் 2018-இல் தொடங்கிய ஜெட்வெர்க், வேலை கொடுப்பவரையும் பட்டறைகளையும் இணையம் வழியே சேர்த்துவைத்துத்தான் வளர்ந்தது. அதைத் தொடங்கியவர்களில் சென்னை ஐஐடியில் படித்தவர்களும் உண்டு. பட்டறைகள் இங்கே இருக்க, அந்த நிறுவனம் ஏன் இங்கே பிறக்கவில்லை?

பணம் வருவது இன்னொரு பாடு. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி சிறு நிறுவனத்தின் பில்லுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பில்லைக் காட்டி முன்பணம் பெற உதவும் ட்ரெட்ஸ் தளங்களில் சேர வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. அடிமட்டப் பட்டறைக்கு வேலை தருபவரோ பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழேயே இருக்கிறார். அந்த இடைவெளியில் ஒரு நல்ல நிறுவனம் எழ இடமிருக்கிறது.

தொழிலாளர் வாழ்க்கையையும் பாருங்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, மனமாரப் பாராட்டுகிறேன். அதற்கு வெளியே வாடகை அறைகளில் இருப்போருக்கு அறை, மெஸ், நைட் ஷிப்ட் முடிந்து திரும்ப வண்டி எல்லாமே தரகர் தயவுதான். இதையும் இணையம் வழியே தீர்க்கலாம்.

இந்தச் சிக்கல்களை நன்றாக அறிந்தவர்கள் ஆலைகளின் உற்பத்தி லைனில் நிற்கும் டிப்ளமோ பிள்ளைகள். வேலையில் கற்றதை வைத்தே தொழில் தொடங்க முடியும். ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக் கற்றவர்கள்தான் 2010-இல் பிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2021-இல் அது அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. எங்கள் பிள்ளைகள் பகலில் தரமணிக்குப் போய் யோசனை கேட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். ஆகவே புதுநிறுவனங்களை வளர்க்கும் மாநில அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் ஒரகடத்திலேயே ஓர் அலுவலகம் திறக்க வேண்டும். அது இரவு ஒன்பது வரையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இயங்க வேண்டும்.

அந்த அமைப்பின் டான்சீட் திட்டம் புதுநிறுவனங்களுக்குத் தரும் 10 லட்சம் ரூபாய் பெரிய உதவி. அதைவிடப் பெரியது முதல் வாடிக்கையாளர். அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்களில் நிலமும் சலுகையும் பெற்ற ஆலைகள், தங்களுக்குள்ள சிக்கல்களை ஆண்டுதோறும் வெளியிட்டு, உள்ளூர்ப் புதுநிறுவனங்களுக்குக் காசு கொடுத்துச் சோதனை ஆர்டர் தரச் செய்யுங்கள். இலவசமாகச் செய்து காட்டச் சொல்வது இளைஞனின் சேமிப்பைத் தின்பதாகும்.

மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனி உரிமையாளர் நிறுவனத்துக்குக் கிடைப்பதில்லை; பட்டறைகளில் பலவும் அந்த வகைதான். கம்பெனியாகப் பதிவு செய்யும் செலவையும் முதல் இரண்டாண்டு ஆடிட்டர் செலவையும் அரசு ஏற்க வேண்டும்.

2006-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வேலையிழந்தவர்களின் கைத்திறனைப் பிடித்துவைக்க அன்று உள்ளூரில் போதிய நிறுவனங்கள் இல்லை. அந்த நிலை மீண்டும் வராதிருக்க, அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே ஒரகடம் அலுவலகத்துக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் குடிமகன்